அந்தோனியார் தந்த குதிரை

கிளைவ்,

சோறு குக்கரில், மீன் குழம்பு சட்டியில். கோபத்தை என்னோடு வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டோடு வேண்டாம்.

பிரின்ஸை நேற்று வாங்கிக்கொண்டு போன நப்லா இன்று பின்னேரம் சேணத்தை எடுக்க வருவா. மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்காமல் ஒரு பிளேன்டீயாவது கொடுங்கள்.

போன வருஷம் நீங்கள் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தின செவ்வாய்க்கிழமையே குதிரை ஒன்று விலைக்கு இருக்கிறதென்று போன் வந்தது. அதற்காக "அந்தோனியார் தந்த குதிரையை விக்கிறதோ?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அந்தோனியார் தொலைந்ததைத் தேடித் தருகிறவர், கிளைவ். குதிரைக்குப் பொருத்தம் பார்க்கிறவர் இல்லை. பிரின்ஸ் பந்தயத்தில் ஓடி வளர்ந்தவன். எனக்கு வேண்டியது ஆறுதலாக, மெதுவாக நடக்கிற குதிரை. ஒரு வருஷமாக நான் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்க, அவன் என்னையே இழுத்துக்கொண்டு போனான்.

நப்லா ஏறினதும் கடிவாளத்தைத் தளர்த்தினா. அவன் பறந்தான்! அவனை அவ்வளவு சந்தோஷமாக நான் கண்டதே இல்லை. விற்றது சரி. அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

வேலைக்குப் போய் வருகிறேன்.

டிலக்ஷி

இன்னொன்று. மேசையில் இருக்கிற கதலிப்பழச் சீப்பு எங்களுக்கில்லை. காலையில் சந்தையில் பழக்கதோஷத்தில் அவனுக்கென்று வாங்கிவிட்டேன். நப்லாவிடம் கொடுத்துவிடுங்கள். தோலை உரித்துக் கொடுத்தால்தான் தின்பான் என்றும் சொல்லுங்கள். நேற்று நானே சொல்ல வாயெடுத்தேன், சொல்லாமலே திரும்பி நடந்துவிட்டேன்.