ஞாயிற்றுக்கிழமை கும்பிடு

அன்பும் மரியாதையும் மிக்க கேப்டன் அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நேற்று அண்ணி வந்து பாப்பாவுக்கு நகம் வெட்டிவிட்டுப் போனார். என்னிடம் ஒரு விரலைக்கூடக் காட்டாத கழுதை, அவர் மடியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. உங்கள் மருத்துவப் பரிசோதனை நல்லபடியாக நடக்கிறதா? ரத்த அழுத்தம் பார்க்கும்போது டாக்டரிடம் வாயடிக்க வேண்டாம் என்று அண்ணி எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் எதைச் சொன்னாலும் நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வைத்துவிடுகிறேன். போன வாரமும் அப்படித்தான் ஆனது. காகிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. தலைமை அலுவலகத்துக்குப் பார்சல் கொண்டுவரும் டிரைவரிடம், உங்கள் கையில்தான் இதைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறேன்.

விஷயம் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியது. கம்பெனியின் குடும்ப தினத்துக்கு மைதானத்தில் வேலை ஆரம்பித்துவிட்டது. கூடாரத்துக்குக் கம்பு நட்டுவிட்டார்கள். நாற்காலிகள் வந்து இறங்கிவிட்டன. நன்றாகத் தெரியட்டும் என்று குழந்தைகளை முன்வரிசையில் உட்கார வைக்கப்போகிறார்களாம். என் வீட்டுக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. (நீங்கள் அவரைத் தம்பி என்றே கூப்பிடுவதால் இனி நானும் ‘உங்கள் தம்பி’ என்றே எழுதுகிறேன். கோபமாக இருக்கும்போது எனக்கு அப்படிச் சொல்லத்தான் பிடிக்கிறது.) “இந்தத் தடவை கும்பிடு நான்தான் போடுறேன், கேப்டன் சொல்லிட்டாரு” என்று பால்காரர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது.

கும்பிடு என்று அதற்குப் பெயர் வைத்ததே நீங்கள்தான். ஹெலிகாப்டரைத் தாழ்வாக வேகமாகக் கூட்டத்தைப் பார்த்துக் கொண்டுவந்து, சட்டென்று நிறுத்தி, அதன் மூக்கைக் கீழே குனிய வைத்து, அப்படியே எல்லார் தலைக்கும் மேலே சரிந்து போவது. அழகாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு காரியம் இனி வேண்டவே வேண்டாம் என்றால், அதற்கும் ‘பெரிய கும்பிடு’ என்றுதானே சொல்கிறோம். அந்தக் கும்பிடை எப்போது போடப்போகிறீர்கள் அண்ணா?

போன வெள்ளிக்கிழமை மலை முகாமில் நடந்தது எனக்குத் தெரியும். உங்கள் தம்பி சாப்பிடும்போது அதை வேடிக்கைக் கதையாகச் சொன்னார். வழக்கமாக ஆளையும் சாமானையும் இறக்கிவிட்டு, காலி வண்டியில்தான் கும்பிடு போடுவீர்கள். அன்று தொழிலாளர்களும் உள்ளே, துளைபோடும் எந்திரத்தின் இரும்புகளும் உள்ளே. நல்ல வெயில், பேருக்குக்கூடக் காற்று இல்லை; அப்படிப்பட்ட நாளில் பாரத்தோடு வண்டி எழும்பவே திணறும் என்று நீங்களே சொல்வீர்கள். முகாமில் நின்றவர்கள் கையாட்டியதும் உங்கள் கை பழக்கத்தில் மூக்கைக் குனிய வைத்துவிட்டது. காலி வண்டி என்ற நினைப்பில். திரும்ப மேலே இழுத்தால் எழும்பவில்லையாம், இறங்கிக்கொண்டே போனதாம். மரத்தின் உச்சிக்கிளைகள் அடியில் உரசும் சத்தம் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டதாம். எப்படியோ எழும்பி இங்கே வந்து இறங்கியதும், தொழிலாளர்களில் ஒருவர் ஓரமாகப் போய் வாந்தி எடுத்திருக்கிறார். மற்றவர்கள் உங்களுக்குக் கைகொடுத்து, “சூப்பர் சார்” என்றார்களாம். இதைச் சொல்லிச் சிரித்தபோது உங்கள் தம்பி கையிலிருந்த தண்ணீர் தட்டில் சிந்தியது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமையும் வண்டி காலியாக இருக்கப்போவதில்லை. முதலாளியின் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு, முழுக்க எரிபொருள் நிரப்பிக்கொண்டு வரப்போகிறீர்கள். உங்கள் கையே தடுமாறிய இடத்தில் உங்கள் தம்பி கை என்ன செய்யும்? கீழே குழந்தைகள்.

ஆற்றோரக் கம்பெனியில் இருந்த உங்கள் சிநேகிதரை, நாம் எல்லாரும் ‘பாட்டுக்காரர்’ என்று கூப்பிட்டவரை, மறந்திருக்க மாட்டீர்கள். தன் பெண்ணின் பிறந்தநாள் விருந்துக்கு மேலே ஒரு வட்டம் அடித்துக் காட்டுகிறேன் என்று போனார். பத்திரிகையில் இயந்திரக் கோளாறு என்று போட்டார்கள். ஹெலிகாப்டர் நிறுத்தும் ஹேங்கரில் இருந்த அத்தனை பேருக்கும் உண்மை தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை. செத்துப்போனவரைக் குறை சொல்லக் கூடாது என்றீர்கள். நான் அவர் மனைவியைப் பார்க்கப் போயிருந்தபோது, அவர் அழவில்லை. “விழறதும் வேடிக்கைல சேர்த்தின்னு நெனச்சிட்டாங்க. வண்டி தண்ணியில முட்டுற வரைக்கும் கைதட்டுனாங்க” என்றார்.

உங்களுக்கு ஓட்டத் தெரியாது என்று நான் சொல்வேனா? பாப்பா பிறக்கும் நேரத்தில் பாலம் உடைந்து, கொட்டுகிற மழையில் என்னை ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனது நீங்கள்தானே. வலியில் உயிர் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும், தொட்டிலில் போட்டது போல எவ்வளவு பதமாகக் கொண்டுபோகிறார் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அன்று கைதட்டக் கீழே யாரும் இல்லை. அந்த ஆளைத்தான் எனக்குத் தெரியும். காரைப் பின்னால் எடுக்கும்போது அண்ணியை இறக்கிவிட்டு, “வருதா, வருதா” என்று கத்திக் கேட்கிற ஆளும் நீங்கள்தான். கூட்டத்தைப் பார்த்ததும் அந்த ஆள் எங்கே போய்விடுகிறார் என்றுதான் புரியவில்லை.

உங்கள் தம்பியிடம் நான் சொல்லிப் பார்க்காமல் இல்லை. வேண்டாம் என்றால், “என்னால முடியாதுன்னு நெனக்கிறியா?” என்கிறார். முடியும் என்று சொன்னாலும் ஆபத்து, முடியாது என்று சொன்னாலும் ஆபத்து. உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார ஆரம்பித்த நாளிலிருந்து, நீங்கள் நடக்கிற மாதிரி நடக்கிறார், நீங்கள் தலை வாருகிற மாதிரி வாருகிறார். மீசை மட்டும்தான் அவருக்கு வளைய மாட்டேன் என்கிறது. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவருக்கு அதுதான் முடிவு.

பாதுகாப்பு அதிகாரி எங்கள் அடுத்த வீட்டில்தான் இருக்கிறார். சுவரைத் தட்டினால் வந்துவிடுவார். தட்டினால் உங்கள் லைசென்ஸ் போகும், உங்கள் தம்பியின் வேலையும் போகும், அண்ணி இனி என் வாசல்படி ஏற மாட்டார். இத்தனையும் தெரிந்துதான் சொல்கிறேன், தேவைப்பட்டால் தட்டுவேன். மிரட்டுகிறேன் என்று எடுத்துக்கொண்டாலும் சரி. ஆனால் அதற்கு முன்னால் உங்களிடம் சொல்லாமல் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கும்பிடு கிடையாது என்று அவரிடம் சொல்லுங்கள். மேலிடத்து உத்தரவு, காற்று சரியில்லை என்று சாக்குச் சொல்ல வேண்டாம். சாக்குச் சொன்னால் அடுத்த முறைக்குக் காத்திருப்பார். வெள்ளிக்கிழமை இறங்கிய பிறகு, விசிறி நின்று ஓயும் வரைக்கும் நீங்கள் பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தீர்களாம். அதை உங்கள் தம்பி பெரிய நிதானம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்தும் ஷூவைக் கழற்றாமல் கட்டிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தீர்கள் என்று அண்ணி சொன்னார், காரணம் தெரியாமலே. எனக்குக் காரணம் தெரிந்தது. நான் அண்ணியிடம் சொல்லவில்லை.

அதை நீங்களே உங்கள் தம்பியிடம் சொல்லிவிடுங்கள் அண்ணா. “அன்னைக்கு நான் பயந்துட்டேன்” என்று, சிரிக்காமல், ஒரே ஒரு தடவை. ஊரில் வேறு யாருக்கும் தெரிய வேண்டாம். சனிக்கிழமை உங்களை அழைத்துவர அவர்தான் ஸ்டேஷனுக்கு வருகிறார். காரில் நீங்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருப்பீர்கள்.

அவருக்கு ஆத்திரம் வரும். உங்கள் மேல் வைத்திருக்கிற மதிப்பு கொஞ்சம் இறங்கும். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார், என் மேல் எரிந்து விழுவார், சாப்பாடு வேண்டாம் என்பார். அப்படித்தான் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கதவைத் திறந்து வைத்திருப்பேன்.

நீங்கள் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

உங்கள் பிரியமுள்ள
தங்கை