உயராத ஒரு கை

மொண்டெவிடேயோ,
மார்ச், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள லீபெருக்கு,

வில்மார் எழுதுவது. இங்கே நான் நலம். உன் நலத்தை விசாரிக்கப்போவதில்லை. பேட்டை முழுக்க அதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. ரொட்டி வாங்கப் போனால்கூட உன் வயிற்றுக் கட்டி எவ்வளவு பெரிசு என்று கையை விரித்துக் காட்டுகிறார்கள்.

போனில் பேசலாமே என்று நினைப்பாய். போனில் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே துண்டித்துவிடுவாய். காகிதத்தைக் கிழித்துப் போடுவதென்றாலும் முதலில் கொஞ்சமாவது படித்தாக வேண்டும். தபாலை நம்ப முடியாது. அதனால் மருந்துக்கடை மிர்த்தாவின் மருமகன் நாளை மறுநாள் நீ மகளோடு தங்கியிருக்கிற ஊருக்கே வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். காய்ச்சிக் குடிக்க உன் மகள் சில்வானா கேட்ட மாத்தே இலையும் அதே பையில் இருக்கிறது. அது அவளுக்கு. நீ எடுத்து ஒளித்து வைத்துக்கொள்ளாதே.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை அடெமார் போனில் உன்னிடம், "ஒரு கைகூடக் கீழ இல்லடா லீபெர்!" என்று கத்தினானே, அது பொய். ஒரு கை கீழேதான் இருந்தது. அது என்னுடையது.

இப்போது நிதானமாக உட்கார்ந்து மீதியைப் படி.

நம் வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்றைக்கு எல்லோரும் அதை மறந்துவிட்ட மாதிரி நடந்துகொண்டதால் ஒழுங்காக எழுதி வைக்கிறேன். கார்னிவல் முடிந்த முதல் ஞாயிறு, சங்கத்துக் கேன்டீனில் கூடுகிறோம். உலகக் கால்பந்திலேயே சிறந்த நடுக்கள ஆட்டக்காரன் யார், அதாவது ஐந்தாம் எண் சட்டைக்குத் தகுதியானவன் யார் என்று அடித்துக்கொள்கிறோம். உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் கை தூக்கினால்தான் அந்தப் பெயர் சுவரில் ஏறும். ஒரு கை கீழே இருந்தாலும் ஏறாது. வெளியூர்க்காரனை உயிரோடு இருக்கும்போதே ஏற்றலாம். நம் பேட்டைக்காரன் என்றால் செத்த பிறகுதான், அதற்குத் தனியாக ஒரு ஞாயிறு கூடுவோம். உயிரோடு இருக்கிறவனை ஏற்றிவிட்டு அப்புறம் அவனோடு யார் ஒரே மேஜையில் உட்கார்ந்து குடிப்பது?

சுவரில் முதல் பெயர் ஒப்துலியோ. ஐம்பதாம் வருட உலகக் கோப்பைக் கடைசி ஆட்டத்தில், மரக்கானாவில் பிரேசில் நமக்குக் கோல் போட்டதும், மைதானமே அலற, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சந்தைக்குப் போய்த் திரும்புகிறவர் மாதிரி நடந்து வந்த மனிதர். அவருக்கு விவாதமே நடக்கவில்லை. தீதி, ஃபால்காவ், ரெதோந்தோ எல்லாம் அப்புறம் வந்தார்கள். பிர்லோ ஏறுவதற்குள் எங்கள் தொண்டை வற்றிவிட்டது. தலைமுடியை அவ்வளவு அக்கறையாக வாருகிறவன் ஓடமாட்டான் என்று அடெமார் ஒற்றைக்காலில் நின்றான். இந்த வருடம் ஸ்பெயின்காரன் சாவியா, குரோஷியாக்காரன் மோத்ரிச்சா என்று ஆரம்பித்தது. "சாவி ஆடறப்ப எதிராளி பந்த ஜன்னல் வழியா பாக்கணும், அவ்வளவுதான்" என்றான் அடெமார். கேன்டீன் ஒமார் கறி புரட்டுகிற கம்பியை நீட்டி, "மோத்ரிச் நாப்பது வயசுலயும் ஓடறான்யா. நாப்பதுல நீ எங்க ஓடின? பொண்டாட்டிக்குப் பயந்து மாடிக்கு ஓடின!" என்றான். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. நல்ல ஞாயிறாகத்தான் இருந்தது.

அப்போது உன் அக்கா நெலிடா உள்ளே வந்தாள். கையில் போன். அந்தக் கேன்டீனுக்குள் அவள் எப்போது காலை வைத்தாள்? எழுந்து நாற்காலி கொடுத்தோம். உட்காரவில்லை. நீ சொல்லி அனுப்பியதாகச் சொன்னாள். "செத்த பிறகு தூக்கற கையால எந்தம்பிக்கு என்ன லாபம்? இப்பவே தூக்குங்கய்யா. அவன் காதால கேட்டுட்டுப் போகட்டும்" என்றாள்.

அடெமார் தொப்பியைக் கழற்றினான். உன்னை அப்போதே பெட்டிக்குள் கிடத்திவிட்ட மாதிரி அந்த முகம். முதலில் அவன் கை உயர்ந்தது. ஒமார் கம்பியோடேயே தூக்கினான். கடைசி மேஜையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள்கூட, உன் ஆட்டத்தை ஒருநாளும் பார்க்காத பயல்கள், தூக்கினார்கள். சாவிக்கும் மோத்ரிச்சுக்கும் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள், உனக்கு ஒரு வார்த்தை விவாதிக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பிச்சை போடுகிறவன்தான் அப்படி எதையும் கேட்காமல் போடுவான்.

என் கையை மேஜையிலேயே வைத்திருந்தேன்.

"வில்மார், கைய தூக்குடா" என்றான் அடெமார். முடியாது என்றேன். "சாகக் கிடக்கறவன் மேலயும் பொறாமையாடா உனக்கு?" என்றான். இடது காலைப் பேருந்தில் ஏற மட்டும் பயன்படுத்தியவனை ரெதோந்தோவுக்குப் பக்கத்தில் எழுத முடியாது என்றேன். பந்து வந்தால் திரும்புவதற்குள் துறைமுகத்தில் ஒரு கப்பலே திரும்பிவிடும் என்றேன். ரயில்வேக்காரர்களோடு இறுதி ஆட்டத்தில், நம் கோலுக்கு முன்னாலேயே குதிகாலால் பந்தைத் தட்டி அழகு காட்டப் போய், அவர்களுடைய ஒன்பதாம் எண்காரன் காலில் பரிமாறினாயே, அந்த வருடம் நாம் மேல் பிரிவுக்குப் போகாததற்குக் காரணம் மழை இல்லை, நீதான் என்றேன். எல்லாம் உன் அக்கா முன்னால்தான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுத முடியாது.

அவள் எண்ணை அழுத்தினாள். ஒலிபெருக்கியில் போட்டாள். அடெமார் அந்தப் பொய்யைச் சொன்னான். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். நீ அழுதாய். கேட்டேன். எத்தனையோ வருடம் உன் முதுகைப் பார்த்தே ஆடியவன் நான், மூக்கு உடைந்தபோதுகூட நீ அழுததில்லை. அப்புறம் சொன்னாய்: "போதும்டா. வாங்க வேண்டியத வாங்கிட்டேன். இனிமே அந்தக் கீமோ எல்லாம் வேண்டாம்னு சில்வானாகிட்ட சொல்லிடறேன். நிம்மதியா இருக்கு."

இவர்களும் "ஆமாண்டா, நிம்மதியா இரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு மடையனுக்குமா காது கேட்கவில்லை? இரண்டாவது சுற்று மருந்தை ஏற்றிக்கொண்டால் பிழைக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் சொன்னதாகப் போன மாதம் நீயேதானே சொன்னாய்? பாதி என்பது கொஞ்சமா? நம் சங்கம் பாதி வாய்ப்போடு இறங்கிய ஆட்டம் ஒன்றாவது உண்டா? நான் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. கோபத்தில்தான் என்று வைத்துக்கொள்.

இன்னொன்றும் உனக்கு ஞாபகப்படுத்த வேண்டும். பரேத்தோ. உனக்கு முன்னால் நம் ஐந்தாம் எண் சட்டையைப் போட்டவர். நுரையீரல் போய்ப் படுத்திருந்தபோது அவர் மனைவி இதே கேன்டீனுக்கு வந்து, இதே வார்த்தையைக் கேட்டாள். அப்போது நீ காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு என்ன சொன்னாய்? "மொதல்ல செத்துக் காட்டட்டும், அப்பறம் பாக்கலாம்!" என்றாய். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்த அம்மா கையைப் பிசைந்துகொண்டு கதவருகிலேயே நின்றாள். அதே வாரம் அவர் போய்விட்டார். அடுத்த ஞாயிறு முதலில் உயர்ந்த கை உன்னுடையது, மறு கையில் பீர். சட்டம் உன் வாயிலிருந்து வந்தது, லீபெர். பரேத்தோவுக்கு ஒரு சட்டம், உனக்கு ஒரு சட்டமா? அவருக்கோ பிழைக்கப் பாதி வாய்ப்புகூட இருக்கவில்லை.

இங்கே என் நிலைமையையும் தெரிந்துகொள். கேன்டீனில் யாரும் என்னோடு உட்காருவதில்லை. ஒமார் என் முன்னால் கிளாஸை வைக்கிறான், முகத்தைப் பார்ப்பதில்லை. கிளாஸில் பாதிக்கு மேல் நுரைதான். நேற்றுக் காலை நெலிடா என் வாசலுக்கு வந்தாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. "மனசுன்னு ஒண்ணு இருக்கா உனக்கு? ஒத்தக் கைய தூக்க அவ்வளவு கனமா இருந்துச்சா?" என்றாள். தெருவே கேட்டது. ஆமாம், கனமாகத்தான் இருந்தது என்றேன். காறித் துப்பிவிட்டுப் போனாள். இந்தக் கடிதம் எழுதுகிறேன் என்று தெரிந்தால் என் மிச்சமிருக்கிற முட்டியையும் உடைப்பாள். சில்வானாவும் இதைப் படித்தால் ஜென்மத்துக்கும் என் முகத்தில் விழிக்கமாட்டாள். படிக்கட்டும்.

நான் கல் நெஞ்சக்காரன் என்பது இவர்களுக்கு இப்போதுதான் தெரிந்த மாதிரி பேசுகிறார்கள். உனக்கு அது முதல் நாளே தெரியும். உன் பின்னால் நின்று தடுப்பாட்டம் ஆடியவன் நான். என் வேலையில் பாதி பந்தை வெட்டுவது, மீதி உன்னைத் திட்டுவது. கோச் என்னைத் தனியே கூப்பிட்டு, "அவன் அக்காவ இழு, ஆத்தாள இழு, என்ன வேணா சொல்லு, ஆனா தூங்க மட்டும் விடாத" என்பார். பாராட்டினால் நீ ஆடமாட்டாய். பார்வையாளர்கள் கை தட்டினால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து வானத்தைப் பார்ப்பாய். பின்னாலிருந்து ஒருவன் உன் குலத்தையே இழுத்துத் திட்டினால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவாய். அப்படி ஓடின சில நாட்களில், எழுதிக் கொடுக்கமாட்டேன், ஆனால் அப்படி ஒருவனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகச் சேர்ந்து உனக்குக் கை தட்டிவிட்டார்கள். நீயும் வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாய்.

வேறு செய்தி: மழையில் சங்கத்துக் கூரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. இந்த வருட ஐந்தாம் எண் ஒரு பூனைக்குட்டி, காற்றடித்தால் விழுகிறான். மைதானக் கரையோரத்தில் நீ நட்ட எலுமிச்சை காய்க்கிறது, ஆனால் ஒமார் கிராப்பாச் சாராயத்தில் பிழிய அதைப் பறிக்காமல் கடையில் வாங்குகிறான். சோம்பேறி. உன் வீட்டில் குடியிருப்பவர்கள் ஜன்னலுக்குப் பச்சை அடித்திருக்கிறார்கள், பார்க்கச் சகிக்கவில்லை. வந்து சண்டை போடு.

கடைசியாக ஒன்று. இதை நன்றாக மண்டையில் ஏற்றிக்கொள். அந்தப் போன் பேச்சு செல்லாது. நீ கண்ணை மூடினால் முறைப்படி மறுபடியும் கூடுவார்கள். எல்லாக் கையும் உயர வேண்டும். அன்றைக்கும் நான் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், என் கை உயராது. என்னைத் திட்டட்டும், அடிக்கட்டும், நெலிடா காலில் விழட்டும், உயராது. எனக்குச் சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, என் அப்பா தொண்ணூறைத் தாண்டி இருந்தார். நான் இருக்கிற வரைக்கும் உன் பெயர் அந்தச் சுவரில் ஏறாது. என் தாய் மேல் சத்தியம். ஆகவே செத்தாவது ஏறிவிடலாம் என்று மனப்பால் குடிக்காதே. செத்தால் உனக்கு ஒன்றும் கிடைக்காது, லீபெர். ஒன்றுமே கிடைக்காது.

வருகிற திங்கட்கிழமை உனக்கு மருந்து ஏற்ற வேண்டிய நாள் என்று மிர்த்தா சொன்னாள். சில்வானாவைக் கூட்டிக்கொண்டு போ. ஊசி ஏறும்போது என்னை நினைத்துக்கொள். வாந்தி வந்தால் என் பெயரைச் சொல்லி எடு. உன் வாயில் எத்தனை கெட்ட வார்த்தை மிச்சமிருக்கிறதோ அத்தனையையும் எழுதிப் பதில் போடு.

நோய் தீர்ந்து, முடி முளைத்து, நரைத்து, பல்லெல்லாம் கொட்டிப் பல்லாண்டு வாழ்ந்து, என்னை நீ வெறுக்க வேண்டும். நான் கும்பிடுகிற கன்னி மரியாளிடம் தினமும் இது ஒன்றைத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உனக்குக் கை தூக்காத
வில்மார்