ஒழுகாத கூரையின் கீழ்

இன்று காலை நம் கலை அகாடமியின் பெரிய கூடத்துக்குள் நுழைந்ததும் புது வார்னிஷ் வாசனை. தேசியக் கண்காட்சிக்குப் படங்கள் சுவரேறிக்கொண்டிருந்தன. நீ இல்லாமல் நடக்கும் முதல் கண்காட்சி.

நம் பேட்டையான ஆஸ்டின் டவுனிலிருந்து ஒரே பஸ்ஸில் இங்கே படிக்க வந்தோம். நீ சிற்பம், நான் ஓவியம். கலைஞர்களே தொடங்கி, தங்களுக்குள் ஓட்டுப்போட்டு அமைத்த குழுவே நடத்தும் இடம். கண்காட்சிக்கு யாரும் தங்கள் படைப்பை அனுப்பலாம். தேர்ந்தெடுப்பதும் இங்குள்ள கலைப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பதும் கலைஞர்கள்தான். அதன் அருமை அந்தப் பொதுக்குழு நாளில்தான் எனக்கு உறைத்தது.

கூரை ஒழுகிக் கண்காட்சியே நின்றுபோயிருந்த சமயம். ஒரு கட்டுமான கம்பெனி புதுக் கட்டடம் தருவதாகச் சொன்னது. பதிலுக்குக் குழுவில் பாதி இடம் கேட்டது. பலரும் தலையாட்டிவிட்டார்கள். நீ எழுந்தாய், கையில் களிமண் காயாமல்.

"நாளைக்கு எந்தப் படம் மாட்டணும்னும் அவங்கதான் சொல்வாங்க. அப்புறம் நாம யாருங்க இங்க?"

"பேசறது ஈஸிம்மா. மழைக்கு என்ன பண்றது?" என்றார் அப்போதைய தலைவர்.

"நாமளே ஏறுவோம் சார். வெல்டிங் தெரிஞ்ச சிற்பிங்க இத்தனை பேர் இருக்கோமே!"

யாரோ சிரித்தார், கூடமே சிரித்தது. ஓட்டெடுப்பில் உன் பக்கம் ஜெயித்தது.

அந்தக் கோடை முழுக்க நீ சாரத்தின் மேல் நின்று பற்றவைத்தாய். ஓவியர்கள் நாங்கள் கீழிருந்து தகடுகளை ஏற்றினோம். முதல் பெருமழையில் எல்லோரும் கூடத்தின் நடுவே அண்ணாந்து நின்றோம். ஒரு சொட்டு விழவில்லை. "இன்னும் வா, பாக்கலாம்!" என்று நீ மழையைப் பார்த்துக் கத்தினாய். அடுத்த தேர்தலில் உன்னையே தலைவராக்கினோம். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண் நீ.

இப்போது அதில் நான். இந்த முறை தேர்வுக்கு வந்த ஒரு சுடுமண் சிற்பத்தைப் பார்த்து, "யாரோட ஸ்டூடன்ட்?" என்று ஒருவர் கேட்டார். உன் பேச்சுதான் என் வாயில் வந்தது: "மொதல்ல செஞ்ச வேலையைப் பாருங்க, பேரை அப்புறம் கேக்கலாம்." ஒருமனதாகத் தேர்வானது. அதைச் செய்தவர் ஆனேக்கல் ஆஸ்பத்திரியில் நர்ஸ், எவரிடமும் பயின்றதில்லை. இன்று வாசலிலேயே தன் சிற்பத்தைக் கண்டு நின்றுவிட்டார்.

"மேடம், நான் இங்க வெறும் விசிட்டர்தானே?"

"இல்லம்மா. இங்க தன் படைப்பைக் காட்சிக்கு வெச்சவங்க எல்லாருமே மெம்பர். அடுத்த தேர்தல்ல உங்களுக்கும் ஓட்டு இருக்கு."

சொல்லும்போது என் குரல் உன்னுடையதைப் போலவே உரக்க ஒலித்தது. அதை நான் தாழ்த்தவில்லை.