பீர்க்கங்காய் நார் வைத்த சட்டை

அம்மா இன்றும் உன் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு நடவுக்குப் போனாள். சாயங்காலம் அதைத் துவைக்க பக்கெட்டில் நனைத்தேன். கொஞ்ச நேரத்தில் நனைந்த வைக்கோல் மாதிரி ஒரு வாசனை கிளம்பியது. நீ உள்ளே வைத்துத் தைத்த பீர்க்கங்காய் நார். அதோடு வியர்வை, சேறு. எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. செத்துப்போனவன் மேல் பொறாமைப்பட முடியுமா? முடிகிறது.

நேராகவே எழுதுகிறேன். சுற்றி வளைக்க எனக்கு வராது, உனக்குத் தெரியும்.

பத்தாவது வரை நாம் ஒரே பெஞ்ச். பிறகு நான் டெக்ஸ்டைல் இன்ஜினியரிங் போனேன். நீ உத்திரமேரூர் பஜாரில் ஒரு தையல் கடையில் உட்கார்ந்தாய். ஸ்கூல் யூனிஃபார்ம், ஜாக்கெட், கிழிந்த பேன்ட். துணியைப் பற்றி நம் இருவரில் யாருக்கு அதிகம் தெரியும் என்று யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன்.

போன வருஷம் சொர்ணவாரி நடவு. சித்திரை வெயிலில் நட்டுவிட்டு வந்து அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். நான் லீவு போட்டு ஒரு மேலங்கி செய்தேன். ஃபேன் இல்லை, பேட்டரி இல்லை. நெஞ்சிலும் முதுகிலும் தண்ணீர் குடிக்கும் பஞ்சுப் பட்டை, சூடு வெளியேற கழுத்தோரம் வலைத்துணி. நனைத்துப் போட்டால் போதும். கம்பெனியில் ஒரு பொம்மைக்கு மாட்டி ஹாலஜன் விளக்குக்குக் கீழே நிறுத்திப் பார்த்தேன். பிரமாதமாக வேலை செய்தது. அம்மாவோடு நடும் பெண்களுக்கும் அதே மாதிரி சில தைத்தேன்.

திருப்புலிவனம் பக்கத்து வயலில் அது ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. மழை வருகிற மாதிரி புழுங்கிய நாள். தண்ணீர் ஆவியாகவே இல்லை, பஞ்சு கனத்ததுதான் மிச்சம். ஈரத்துணி உடம்போடு ஒட்டிக்கொண்டது. வரப்பில் ஆம்பளைகள் நாற்று சுமந்து போய் வர, பெண்கள் கூசிப்போனார்கள். அதை நான் யோசித்திருக்கவே இல்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் நடும் கன்னியம்மா அக்கா கழற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"இன்னா நைனா, எருமை மேல ஈரச் சாக்கு போட்ட மாதிரி கீது. நீயே போட்டுக்கினு நாலு நாத்து முடி நட்டுப் பாரு."

வயலே சிரித்தது. அம்மாவும்தான். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்ற நீ மட்டும் சிரிக்காமல் அவர்கள் நடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாய். அது இன்னும் எரிந்தது.

"மச்சான், உன் பொம்மை நின்னுக்கினு கீது. இவங்க எப்படா நிமிந்தாங்க?" என்றாய். "குனிஞ்சு நடுறவளுக்கு இடுப்புதான் உச்சி. சூடு மேல போவும்னு நீதான சொல்லுவ? கழுத்துல தொறந்து வச்சா எப்பிடிப் போவும்?"

பிறந்ததிலிருந்து அம்மா குனிந்து நடுவதைப் பார்த்தவன் நான். அவள் முதுகுதான் வெயிலை வாங்குகிறது என்று நீ வந்து சொல்ல வேண்டியிருந்தது.

பத்து நாளில் ஒரு சட்டையோடு வந்தாய். வயலுக்குப் போகும்போது புடவைக்கு மேல் புருஷன் சட்டையை மாட்டிக்கொள்வார்களே, அந்த மாதிரி முழுக்கைச் சட்டை, வெள்ளை. இஸ்திரிக் கடையில் யாரும் திரும்ப வாங்காமல் கிடந்ததாம். வேலியில் காய்ந்து தொங்கும் பீர்க்கங்காயின் நாரை மெல்லிசாக அறுத்து, தட்டி, பழைய வேட்டித் துணியில் பொதிந்து முதுகின் உள்பக்கம் வரிசையாக வைத்திருந்தாய். துணி உடம்பைத் தொடாது. காலருக்குப் பின்னால் ஒரு பிளவு, இடுப்பில் அகலமாக இன்னொன்று. குனிந்தால் காற்று கழுத்தில் நுழைந்து இடுப்பில் வெளியேறும். தண்ணீரே வேண்டாம், அவரவர் வியர்வை போதும்.

"சும்மா காத்தாட கீதுடா," என்றாள் அம்மா. உன்னிடம்.

மறுநாள் அம்மா உன் சட்டையிலும், கன்னியம்மா அக்கா அவர் வீட்டுக்காரர் சட்டையிலும் நட்டார்கள். இரண்டுக்குள்ளும் சூட்டையும் ஈரத்தையும் பதிகிற சின்ன சென்சார் வைத்தேன். வேலை முடிந்து எல்லாரும் வாய்க்காலில் கால் கழுவும்போது போனில் கோடுகளைப் பார்த்தேன். உன் சட்டையின் கோடு காலையிலிருந்து கீழேயே இருந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

"இன்னாடா சொல்லுது உன் மிஷினு?" என்று கேட்டாய்.

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றேன். "சட்டை போட்டாலே நிழல்தானே. நார் எல்லாம் வேஸ்ட்."

நீ சண்டை போடுவாய் என்று நினைத்தேன். "அப்பிடியா? சரி வுடு, படிச்சவன் சொல்ற. அம்மாவுக்காவது புடிச்சுதே," என்று சைக்கிள் ஏறிவிட்டாய். அடுத்த சட்டைக்கு அறுத்து வைத்திருந்த நாரை உன் முதலாளி வீட்டில் பாத்திரம் தேய்க்கக் கொடுத்துவிட்டாய் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். இன்ஜினியரே சொல்லிவிட்டான் என்று மற்ற பெண்களும் கேட்கவில்லை. ஐப்பசியில் உனக்கு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை வந்தேன். மூன்று தடவையும் கிரிக்கெட் பேசினோம்.

பத்து நாள் முன்னால், நடவின் நடுவில் கன்னியம்மா அக்கா கையில் நாற்று முடியோடு சேற்றில் சாய்ந்துவிட்டார். பக்கத்தில் அம்மா உன் சட்டையில் நட்டுக்கொண்டிருந்தாள். அக்கா பிழைத்துக்கொண்டார். ஆனால் எழுந்து நடக்க இன்னும் ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு வருஷமாக அவர் முதுகில் இருந்திருக்க வேண்டிய சட்டையை, தைக்கும் முன்பே தடுத்தவன் நான்.

அன்று ராத்திரி உன் சட்டையின் ஒரு பக்கத் தையலைப் பிரித்து அளவெடுத்தேன். பிரிக்கப் பிரிக்க வயிறு எரிந்தது. ஒவ்வொரு நார்ப் பொதிக்கும் ஒரு பக்கம் மட்டும் தையலுக்குப் பதில் நாடா முடிச்சு. நார் நைந்துபோனால் அவிழ்த்து வேறு வைத்துக்கொள்ளலாம். எனக்கு அது தோன்றியிருக்காது. உன் கடை மிஷினிலேயே உட்கார்ந்து ஐந்து சட்டை தைத்தேன்.

இன்று காலை வயலில் கொடுத்தேன். போட்டதுமே ஒருத்தர் தோளைக் குலுக்கினார். "அந்தத் தம்பி தச்சது பூவாட்டம் இருந்துச்சாமே. இது குத்துது நைனா. நெசமாவே சூடு கொறையுமா, இல்ல மனசுக்குத்தானா?"

"கொறையும்," என்றேன். "போன வருஷமே மிஷின் வச்சுப் பாத்துட்டேன். அவன் சட்டையில நல்லாவே கொறைஞ்சுது."

அம்மா கையிலிருந்த முடியைக் கீழே போட்டாள்.

"அப்ப அன்னைக்கு வாய்க்கால்ல அந்தப் புள்ள கேட்டதுக்கு ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னியே? நான் பக்கத்துலதான கால் கழுவிக்கினு இருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. குத்துகிறது என்றவரின் சட்டைத் தையலைச் சரிசெய்யக் குனிந்துகொண்டேன். அம்மா முடியை எடுத்து நட ஆரம்பித்தாள்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: உன் சட்டை ஜெயித்தது, முதல் நாளே. எழுதிவிட்டால் லேசாகிவிடும் என்று நினைத்தேன், ஆகவில்லை. நீ இப்போது உயிரோடு வந்து அதே வரப்பில் நின்று கேட்டால், வயல் மொத்தமும் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் உண்மையைச் சொல்வேனா என்று எனக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை. அதைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன்.