மூக்கு சொன்னால் சரி

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே அம்மா சுகம், என் மூக்கைத் தவிர நானும் சுகம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறோம். நீ வெளிநாடு போனதிலிருந்து வானத்தில் எந்த விமானம் பறந்தாலும் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறாள். நான் வேலை பார்க்கும் பக்கத்துத் தெரு ஐஸ் கம்பெனியை நினைத்து அவள் ஒருநாளும் பயந்ததில்லை, நானும்தான்.

குழாயில் அமோனியா கசிகிறதா என்று தினமும் நான் முகர்ந்து பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது உனக்குத் தெரியும். கசிவைக் காட்டும் கருவியும் சுவரில் உண்டு. போன மாதம் அது மூன்று நாள் விடாமல் கத்தியது. உங்க மூக்கு என்னண்ணே சொல்லுது என்று மேனேஜர் கேட்டார். ஒண்ணுமில்ல சார், மெஷினுக்குத்தான் கிறுக்கு என்றேன். பேட்டரியைக் கழற்றி டிராயரில் போட்டார்கள். பிறகு சோதனைக்கு வந்த அதிகாரி, தீ வாளியில் மணல் குறைவு என்று ஒரு பக்கம் எழுதிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குத் துணி காயப்போடப் போனாள். நான் பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் கருகி, அவள் ஓடிவந்து, மூக்க என்ன அழகுக்கா வெச்சிருக்கீங்க என்று கத்திய பிறகுதான் தெரிந்தது. வெங்காயம், சோப்பு, ஃபினாயில் எல்லாவற்றையும் முகர்ந்தேன், ஒன்றுமே இல்லை. மூக்கு எப்போது செத்ததென்று தெரியாது, என் கையெழுத்தில் எத்தனை பொய்யென்றும் தெரியாது.

மறுநாள் மேனேஜரிடம் சொன்னேன். சளியா இருக்கும், ஆவி புடிங்க, கையெழுத்த மட்டும் போட்டுட்டுப் போங்க என்றார். உள்ளே இருபது பேர், சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். என் மூக்கை நம்ப வேண்டாம் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன். பேட்டரியை மாட்டினேன், உடனே கத்தியது. வெளிய வாங்கப்பா என்றேன், யாரும் அசையவில்லை. நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமை ஆசிரியை மறுபேச்சில்லாமல் மணியடித்துப் பிள்ளைகளை வெளியேற்றினார். தெரு கூடிய பிறகுதான் கம்பெனியை நிறுத்தி மெக்கானிக்கை வரவழைத்தார்கள். வால்வு கசிந்திருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு மாதமாகவே கண் எரிந்ததாம், நாறியதாம். ஏம்ப்பா சொல்லல என்றால், அண்ணன் மூக்கே சொல்லலியே, நாங்க என்னத்தச் சொல்ல என்கிறார்கள். அலுப்பாக இருக்கிறது மகளே. வேலை இருக்குமா என்றும் தெரியவில்லை, அதற்காக நீ கவலைப்படாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, நூறு வயது நன்றாக இரு. சமைக்கும்போது கத்துகிறதென்று உன் அறையில் புகை காட்டும் கருவியைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டியிருப்பதாகச் சொன்னாய். அன்று நானும் சேர்ந்து சிரித்தேன். இந்தக் கடிதத்தைக் கீழே வைத்ததும் நாற்காலி போட்டு ஏறி அதை அவிழ்த்துவிடு, கத்தினால் கத்தட்டும்.

உன் அப்பா