செத்தவன் சிரிக்க வேண்டும்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

வெள்ளிக்கிழமை நம் சீரியலைப் பார்த்துப் பதறிவிடாதே. என் கோமாளி மாமா பாத்திரத்தைச் சாகடித்துவிட்டார்கள். பிணமாக நடித்தவன், சாவு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, எழுந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும். அது எங்கள் தொழில் வழக்கம். ஊரையே சிரிக்கவைத்த எனக்கு அன்று சிரிப்பே வரவில்லை.

"சிரிங்கண்ணே, லைட்டை அணைக்கணும்," என்றார் கேமராமேன்.

நீ டிவி முன்னால் உட்கார்ந்து, கதை எழுதினவனை "நாசமாப் போவான்" என்று திட்டுவதை நினைத்தேன், சிரித்துவிட்டேன். அதை ஒளிபரப்ப மாட்டார்கள், அதனால் சொல்கிறேன்.

என் பழைய கம்பளியை அனுப்பிவை. அறையில் குளிர் தாங்கவில்லை. சீரியல் முடிந்ததும் போன் போடு. முன்போல் "ஷாட்ல இருக்கேம்மா" என்று வைத்துவிட மாட்டேன்; இனி எந்நேரம் கூப்பிட்டாலும் எடுப்பேன்.

அன்புடன்,
உயிரோடிருக்கும் உன் மகன்