பனித்தீவிலிருந்து வீட்டுக்காரிக்கு

786
ஹொக்கைடோ, ஜப்பான்
1981.02.09

அன்பு மகள் மஸாஹிறாவுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உன்னை வைத்துப் பார்க்கிற சுபைறா சாச்சி வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். எனக்குச் சளி மட்டும்தான், வேறு ஒன்றுமில்லை. உன் கடிதம் வந்து மூன்று கிழமை. அதில் நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தாய், நீங்க வந்தா எங்கட ஊட்டுக்கு வருவீங்களா, நற்பிட்டிமுனை மாமிட ஊட்டுக்குப் போவீங்களா என்று. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழும்பிவிட்டேன், கோபிக்காதே மகள்.

தண்ணீர்ப் பம்பு பயிற்சிக்கு வந்த எங்கள் பதினேழு பேரையும் இப்போது ஐந்து நாள் சுற்றுலாவாக இந்தத் தீவுக்குக் கூட்டிவந்திருக்கிறார்கள். இரவு முழுக்க ரயில், பிறகு நாலு மணி நேரம் கப்பல். மஞ்சள் கொடியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் முன்னால் நடக்க, குர்ஆன் ஓதப்போகிற பிள்ளைகள் மாதிரி நாங்கள் பின்னால். எங்கு பார்த்தாலும் பனிதான், கூரையில் ஒரு முழம் நிற்கிறது. நான் அறையில் ஒரு வாளி நிறைய அள்ளிவைத்து உருக்கிப் பார்த்தேன், நாலு சுண்டுத் தண்ணீர்தான் மிஞ்சியது. இரவில் குழாய்களில் இருக்கிற தண்ணீரை எல்லாம் திறந்து வடித்துவிடுகிறார்கள், விட்டால் உள்ளேயே உறைந்து பருத்துக் குழாய் வெடித்துவிடுமாம். இதெல்லாம் கொப்பியில் எழுதிவைத்திருக்கிறேன். எல்லாரும் அழகு அழகு என்கிறார்கள். உன் உம்மா மௌத்தாகி நம்மை விட்டுப் போனதிலிருந்து எனக்கு அழகும் ருசியும் பிடிபடுகிறதில்லை, அளவுகள்தான் பிடிபடுகின்றன.

முந்தாநாள் ஒரு கூத்து நடந்தது. விடுதியில் நிலத்துக்குள்ளிருந்து வருகிற சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கிறது, ஆம்பிளைகள் எல்லாரும் ஒன்றாகக் குளிக்கிறார்கள், உடம்பில் ஒரு துணி இருக்கக்கூடாதாம். எனக்கு யார் சொன்னது? நம் கிணற்றடியில் குளிக்கிற மாதிரி இடுப்பில் மருதமுனைச் சாறனைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். தொட்டியைப் பார்த்துக்கொள்கிற கிழவர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். கழற்றச் சொன்னார், நான் மாட்டேன் என்று ஏறிவந்து ஒரு வாளித் தண்ணீரில் குளித்துவிட்டுச் சாறனைப் பிழிந்து ஜன்னலுக்கு வெளியே காயப்போட்டேன். விடியப் பார்த்தால் அது பலகை மாதிரி விறைத்து நிற்கிறது. என்னோடு அறையில் இருக்கிற எகிப்துக்காரன் ஹஸன் அதைத் தூக்கிச் சுவரில் சாத்திவைத்துவிட்டு இங்கிலீசில் கேட்டதை நம் பாஷையில் சொன்னால், என்னடாப்பா ஊட்டுக் கதவையும் கழட்டிக்கொண்டா வந்த நீ. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்த வாயோடு, எனக்கு வீடு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பிறகு அவனுக்கு விளங்கப்படுத்த வேண்டி வந்தது. எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், மாப்பிள்ளை வந்து இருக்கிறவன், அவள் மௌத்தானால் அவன் தாய் வீட்டுக்கோ சகோதரி வீட்டுக்கோ போய்விடுவான் என்று. நாற்பதாம் நாள் கத்தம் ஓதி ஆட்கள் போனபிறகு உன் அச்சிமுகம்மது மாமா, மச்சான் இனி எங்க இரிக்கிற யோசன என்று கேட்டார். போங்க என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் பொண்டாட்டி போன பிறகும் அவட ஊட்டுல சோறு திங்கிறான் என்று நாலு பேர் கதைப்பார்கள் என்று நினைத்து அன்றைக்கே நற்பிட்டிமுனை மாமி வீட்டுக்குப் பெட்டியைக் கட்டிவிட்டேன். நீ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன்னிடம் ஒரு சொல் சொல்லாமல் சைக்கிளில் ஏறினேன். பயணம் வரைக்கும் இருந்த ஒரு மாதமும் வெள்ளிக்கு வெள்ளி உன்னைப் பார்க்க விருந்தாளி மாதிரி வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனேன், பிறகு ஜப்பானுக்கு வந்துவிட்டேன். ஹஸன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இப்ப அந்த ஊடு ஆருட என்றான். என் மகளுடையது என்றேன். உன்ட மகள்ர ஊட்டுக்குப் போக உனக்கு விசா வேணுமா, வேணுமெண்டா அவகிட்டக் கேளன் என்றான். அவன் பகிடியாகத்தான் சொன்னான், எனக்கு அதற்குப் பிறகு நித்திரை வரவில்லை.

அதனால் மகள், மாமாவிடம் கேட்குமுன் உன்னிடம் கேட்கிறேன். உனக்குப் பன்னிரண்டு வயதுதான், ஆனாலும் வீட்டுக்காரி நீதான். உன் வீட்டில் வாப்பா இருக்கலாமா? முன் அறை போதும். சமைக்கத் தெரியாது, பழகுவேன். நீயும் சாச்சி வீட்டில் படுக்காமல் உன் இடத்தில் படுக்கலாம். ஊர் கதைத்தால் கதைக்கட்டும், மாமாவோடு நான் கதைத்துக்கொள்கிறேன். உனக்குப் பிடிக்காவிட்டால் அதையும் எழுது, கடிதத்தில் என்றால் நீ என் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தேவையில்லையே.

கணக்குப் பாடத்தை விடாதே. மழைக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. உம்மாவுக்கு யாஸீன் ஓது. சாச்சிக்கும் மாமாவுக்கும் என் சலாம். அல்லாஹ் உன்னை நல்ல சுகத்தோடும் நல்ல புத்தியோடும் வைத்திருப்பானாக. பதிலை நீயே எழுதி நீயே தபால் கந்தோரில் போடு. பங்குனி கடைசியில் நான் வந்துவிடுவேன், அதற்குள் உன் கடிதம் கிடைக்காவிட்டால் கொழும்பிலிருந்து நேரே உன் வாசலுக்குத்தான் வருவேன், பெட்டியை வெளியே வைத்துவிட்டு நின்று கேட்பேன்.

இப்படிக்கு,
உன் பதிலைப் பார்த்திருக்கும் வாப்பா,
மு. கலந்தர்